கீழ்முதுகில் ஒரு கற்றை முடி



இந்த மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்தைத் தனியே எடுத்து வைத்தேன். எழுதியவர் ஒரு பாட்டி. மகளுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. காலில் கிடத்திக் குளிக்க ஊற்றும்போது பார்த்திருக்கிறார்: கீழ்முதுகில், சரியாக நடுவில், விரலால் பிடிக்கிற அளவுக்குக் கறுத்த முடி ஒரு கற்றை. வீட்டில் ஒருவர் அதிர்ஷ்டம் என்கிறாராம். பயத்தமாவும் மஞ்சளும் தேய்த்தால் தானாக உதிரும் என்கிறாராம் இன்னொருவர். சம்பந்தி வீட்டிலோ, “மாசமா இருக்கும்போது எதைப் பார்த்துத் தொலைச்சா?” என்று கேட்டிருக்கிறார்கள். “என் மகள் சாப்பிடாமல் அழுகிறாள். அந்த முடியைப் போக்க ஒரு வழி சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

அவருக்கு உடனே பதில் போய்விட்டது. முடியை எடுக்காதீர்கள் அம்மா, குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள், முதுகை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதினேன். ஆனால் இந்தக் கேள்வியை ஒரு வீட்டோடு விட்டுவிட மனம் வரவில்லை. இப்படிப்பட்ட முடிக்கற்றையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்ட வீடுகள் எத்தனையோ இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

முதலில், கவலைப்பட வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் தோளிலும் முதுகிலும் நெற்றியிலும் மெல்லிய பூனைமுடி படர்ந்திருப்பது இயல்பு. குறைமாதக் குழந்தைகளுக்கு அது இன்னும் அடர்த்தியாக இருக்கும். சில வாரங்களில் உதிர்ந்துவிடும். நம் குழந்தைகளில் பலருக்கு இடுப்பிலும் புட்டத்திலும் அடிபட்டதுபோல நீலத் திட்டு இருக்கும். மங்கோலியத் திட்டு என்பார்கள். அது சில வருடங்களில் தானே மங்கும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. புட்டங்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குச் சற்று மேலே, அடி தெரிகிற சின்னக் குழி இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான அகலம், ஆசனவாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள், நடுக்கோட்டில் என்றால் மருத்துவர்கள் அதைச் சாதாரணக் குழியாகவே கொள்கிறார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. முதுகின் மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்க, கீழ்முதுகின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீண்ட, அடர்ந்த முடி. முக்கோணமாகவோ வைர வடிவிலோ திட்டாக இருக்கும். சில நேரம் பட்டுப்போல, சில நேரம் தலைமுடியைப்போல முரடாக. வாரங்கள் போனாலும் உதிராது, வளரும். ஐரோப்பிய மருத்துவர்கள் இதற்குத் தங்கள் புராணத்தின் ஆட்டுக்கால் வனதெய்வத்தை நினைத்து ‘ஃபான் வால்’ என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் கீழ்முதுகில் வால்போல் எதுவும் நீண்டிருந்தால் அனுமன் அவதாரம் என்று குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்துக் காலில் விழுந்த செய்திகள் வந்திருக்கின்றன. அவதாரமாக்கினாலும் சரி, அவமானமாக்கினாலும் சரி, நடப்பது ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் வளரும் முடியால் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் அடியில், எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

1875இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இந்த மறைந்த குறைபாட்டுக்கு ‘ஸ்பைனா பைஃபிடா ஒக்கல்டா’ என்று பெயர் கொடுத்தார். முதுகெலும்பின் பின்பக்க வளைவு ஒன்றுசேராமல் பிளந்திருக்கும், ஆனால் மேலே தோல் மூடியிருக்கும். வெளியே எதுவும் தெரியாது, சில குழந்தைகளுக்கு இந்த முடிக்கற்றையைத் தவிர.

தோலுக்கும் தண்டுவடத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து பிறந்தவை. மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான பட்டை உருவாகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, மடிந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக் குழாயாகின்றன. அந்தக் குழாய்தான் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. மூடிய குழாய், மேலே தோலாகப் போகும் படலத்திலிருந்து கழன்று உள்ளே இறங்க வேண்டும். கருத்தரித்துச் சுமார் 28ஆம் நாளுக்குள் மூடும் வேலை முடிந்துவிடும். கடைசி நுனி மட்டும் அடுத்த சில வாரங்களில் உருவாகிறது. இந்த மூடலிலோ பிரிதலிலோ ஒரு பிசகு நேர்ந்தால், உள்ளே தண்டுவடத்திலும் மேலே தோலிலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் விழுகிறது. முடிக்கற்றை நடுக்கோட்டிலேயே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த நாள்கணக்கை இன்னொரு முறை பாருங்கள். இருபத்தெட்டு நாள். நாள் தள்ளிப்போனது தெரியவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பல பெண்களுக்கு அதுவும் தெரியாது. டெஸ்ட் எடுத்து, மசக்கை வந்து, வளைகாப்புப் போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே குழந்தையின் முதுகு மூடி முடிந்துவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், குரங்கைப் பார்த்தாள், ஆசைப்பட்டதைத் தின்னவில்லை என்றெல்லாம் பிரசவமான பெண்ணைக் குத்திக்காட்டுவதில் இம்மியளவும் உண்மை இல்லை. பச்சை உடம்புக்காரியிடம் இந்தப் பேச்சைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தப் பெண்ணின் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். நீ எதுவும் செய்யவில்லை தாயே, இது யாரும் செய்ததில்லை.

சரி, உள்ளே என்னதான் இருக்கக்கூடும்? எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் என்று சொல்லவில்லை. முடி மட்டும் இருந்து, ஸ்கேனில் தண்டுவடம் அழகாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. முடியோடு ஒரு கொழுப்புக் கட்டி, ரத்தக்குழாய்ச் சிவப்புத் திட்டு, தோல்தொங்கல், ஆழமான குழி, புட்டப் பிளவு ஒரு பக்கமாகக் கோணியிருப்பது என்று இரண்டாவது அடையாளமும் சேர்ந்திருந்தால் உள்ளே குறை இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

இருக்கக்கூடியவற்றில் ஒன்று, தண்டுவடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்து, நடுவே எலும்போ குருத்தெலும்போ குத்திட்டு நிற்பது. முடிக்கற்றையோடு அடிக்கடி சேர்ந்து வருவது இது. தண்டுவடத்தில் கொழுப்புக் கட்டி ஒட்டியிருக்கலாம். தண்டுவடத்தின் நுனியிலிருந்து இறங்கும் இழை தடித்து விறைத்திருக்கலாம். எதுவானாலும் கடைசியில் விளைவது ஒரே தொல்லை. தண்டுவடம் நகர முடியாமல் கட்டுப்பட்டுவிடும். ‘டெதர்டு கார்டு’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஏன் நகர வேண்டும்? கருவின் மூன்றாம் மாதம்வரை தண்டுவடம் முதுகெலும்புக் குழாயின் அடிவரை நிறைந்திருக்கும். அதன்பின் எலும்பு வேகமாக வளர, தண்டுவடத்தின் நுனி மேலே மேலே ஏறுவதுபோல் ஆகிவிடும். பிறந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் அது இடுப்பெலும்பு வரிசையின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்துக்கு வந்து நிலைகொள்கிறது. வாழ்நாள் முழுக்க அதன் இடம் அதுவே. கட்டுப்பட்ட தண்டுவடமோ, குட்டையான கயிற்றில் முளையடித்துக் கட்டிய கன்றைப்போல, குழந்தை வளர வளர இழுபடும். குனியும்போது இழுபடும், ஓடும்போது இழுபடும். இழுபட இழுபட அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து நரம்புகள் மெள்ள வாடும். அதனால்தான் பிறக்கும்போது இரண்டு காலையும் நன்றாக உதைத்த குழந்தைக்கு நான்கு வயதிலோ, பன்னிரண்டு வயதில் திடீரென உயரம் கூடும்போதோ கோளாறு தலைகாட்டுகிறது.

அந்தக் கோளாறு எப்படித் தெரியும் என்பதை அம்மாமார் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு பாதம் மற்றதைவிடச் சிறியதாக இருக்கும். இரண்டு செருப்பும் ஒரே அளவில் வாங்கினால் ஒரு காலில் மட்டும் கழன்று கழன்று விழும். உள்ளங்கால் வளைவு கூடி, விரல்கள் மடங்கி நிற்கும். ஒரு கெண்டைக்கால் மெலிந்திருக்கும். காலில் புண் வந்தும் குழந்தைக்கு வலி தெரியாது. நன்றாக நடந்த பிள்ளை அடிக்கடி தடுக்கி விழும். முதுகு ஒரு பக்கமாக வளையும். பெரிய பிள்ளைகள் முதுகுவலி, கால்வலி என்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் தப்பிவிடுவது சிறுநீர். கைக்குழந்தை என்றால் துணி எப்போதும் ஈரமாகவே இருக்கும், சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டேயிருக்கும். வளர்ந்த பிள்ளையென்றால், ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது மறுபடி உள்ளாடையை நனைக்கத் தொடங்கும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அதோடு மலச்சிக்கல். இரவில் படுக்கை நனைவது மட்டும் என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வயதோடு சரியாகிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். பகலிலும் நனைகிறது, மலமும் கட்டுகிறது, கீழ்முதுகில் முடியும் இருக்கிறது என்றால் விஷயம் வேறு. இப்படிப்பட்ட பிள்ளையை ‘இத்தனை வயசாகியும்’ என்று திட்டியும், வகுப்பில் எழுப்பி நிறுத்தியும், மாலையில் தண்ணீர் கொடுக்காமலும் வருஷக்கணக்கில் வதைத்திருப்போம். அதன் நரம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளை நம்மிடம் வந்து சொல்லத் தெரியாமல் தவித்திருக்கும். ஆசிரியர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்த சில மாதங்களுக்குள் பார்த்துவிடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அப்போது முதுகெலும்பின் பின்வளைவுகள் முழுக்க எலும்பாகியிருக்காது, அதனால் வயிற்றுக்கு எடுக்கிற சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே தண்டுவடம் தெரியும். மயக்கமருந்து வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, குழந்தை பால் குடித்துத் தூங்கும்போதே எடுத்துவிடலாம். சுமார் நான்கு மாதத்துக்குப் பிறகு எலும்பு மறைத்துவிடும், எம்.ஆர்.ஐ.தான் வழி. சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது என்பதால் அதற்குப் பெரும்பாலும் மயக்கமோ தூக்கமருந்தோ வேண்டியிருக்கும். ஸ்கேனில் சந்தேகம் வந்தாலும், முடிக்கற்றை மிகத் தெளிவாக இருந்தாலும், மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

குறை இருப்பது உறுதியானால் நரம்பியல் அறுவை நிபுணர் கட்டுப்பட்ட தண்டுவடத்தை விடுவிப்பார். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு உடனே செய்வதா, கவனித்துக் காத்திருப்பதா என்பதில் குறையின் வகையைப் பொறுத்து நிபுணர்களிடையே கருத்து வேறுபடும். பெற்றோர் இருவரும் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. ஆனால் ஒன்று தெளிவு. அறுவைக்குப் பிறகு வலி பெரும்பாலும் குறைகிறது, ஏற்கெனவே போன சிறுநீர்க் கட்டுப்பாடு அத்தனை எளிதில் திரும்புவதில்லை. ஆகவேதான் முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். குழி ஒன்று நூல்பாதையாக உள்ளே இறங்கித் தண்டுவட உறையைத் தொடுகிற வகையில் மட்டும் காத்திருக்க இடமில்லை. கிருமி அந்தப் பாதையில் புகுந்து மூளை உறைக் காய்ச்சலைக் கொண்டுவரும். அந்தக் குழியை பட்ஸ் விட்டோ ஊசி விட்டோ துழாவிப் பார்க்கவே கூடாது.

முடியை எடுத்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். மழித்தால் குழந்தைக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் மழித்துவிட்டு, அல்லது மாவு உருண்டை உருட்டி உருட்டி உதிர்த்துவிட்டு, ஒன்றுமில்லாத முதுகோடு மருத்துவரிடம் போனால் அவர் எதைப் பார்ப்பார்? தடுப்பூசிக்குப் போகும்போது சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி, “டாக்டர், இங்கே முடி இருக்கிறது, உள்ளே பார்க்க வேண்டாமா?” என்று நீங்களே கேளுங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் குழந்தையைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாமல் போகலாம், கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். 2013 முதல் நடைபெறும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயதுவரை பரிசோதிக்கும் குறைகளில் தண்டுவடக் குழாய்க் குறைபாடும் ஒன்று. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு, தேவைப்படும் பிள்ளையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். எல்லாம் பார்த்து முடித்தபின், பிள்ளை வளர்ந்து தனக்கு அந்த முடி வேண்டாம் என்றால் மழிக்கலாம், லேசர் செய்துகொள்ளலாம். அது அவர்கள் விருப்பம்.

முதுகைத் தவிர வேறு இடங்களிலும் இப்படிப் பிறவி முடித்திட்டு வருவதுண்டு. தலையில் சின்ன வழுக்கைத் திட்டோ மேடோ இருந்து, அதைச் சுற்றி மாலை போட்டதுபோல் கறுத்த நீண்ட முடி வட்டமாக இருந்தால், அடியில் மூளைத் திசுவோ உறையோ துருத்திக்கொண்டிருக்கக்கூடும். அதை அழுத்தவோ கீறவோ கூடாது, ஸ்கேனுக்கு முன் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். முடியோடு பிறக்கும் கறுப்பு மச்சம் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. உடம்பின் பெரும்பகுதியை மூடும் அளவில் இருந்தாலோ, பக்கத்தில் குட்டி மச்சங்கள் நிறைய இருந்தாலோ தோல் மருத்துவரின் கண்காணிப்பும், மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் வேண்டியிருக்கும். மெத்தென்ற வீக்கத்தின்மேல் முடி, உடம்பில் ஆறோ அதற்கு மேலோ காபி நிறத் திட்டுகள் என்றால் நரம்புக் கட்டி நோய்க்கான பரிசோதனை வேண்டும். முழங்கைகளில் மட்டும் முடி அடர்ந்து, பருவ வயதில் குறைந்துவிடும் ஒரு வகையும் உண்டு. உயரம் குறைவாக இருந்தால் ஒழிய அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த குழந்தைக்கு இது வராமல் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஃபோலிக் அமிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மருந்தின் கதையில் நம் குன்னூருக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1920களின் இறுதியில் பம்பாய் நெசவாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய வந்தவர், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1991இல், பல நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் சோதனை முடிவு வந்தது. தண்டுவடக் குழாய் மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார், கருத்தரிக்கும் முன்பிருந்தே இதைச் சாப்பிட்டால், மறுமுறை அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. அந்தப் பலன் முதுகு திறந்தபடி பிறக்கும் வகைக்கானது, தோல் மூடிய வகைக்கு அதே அளவு உறுதி கொடுக்க முடியாது. ஆனாலும் குழந்தைக்குத் திட்டமிடும் எந்தப் பெண்ணும் தினம் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் குழந்தைக்குக் குறை இருந்தவர்களுக்கு மருத்துவர் அதிக அளவு எழுதித் தருவார். நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் பாதி நேரம் போய்விடும், அதனால்தான் ‘முன்பிருந்தே’ என்று சொல்கிறேன்.

கடைசியாக, இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது கீழ்முதுகில் அப்படி ஒரு கற்றை முடி இருக்கலாம். சிறுவயதிலிருந்து ஜாக்கெட்டுக்குள் மறைத்து, யாரிடமும் சொல்லாமல், ஒரு தொந்தரவும் இல்லாமல் வளர்ந்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பிரசவம் சிசேரியன் என்றது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பெரும்பாலும் அதற்கு முதுகில்தான் ஊசி போடுவார்கள். உங்கள் தண்டுவடம் வழக்கமான மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ஊசி அதன்மேல் படக்கூடும். முடியை மழித்திருந்தால் மயக்க மருத்துவருக்கு எதுவும் தெரியாது. எனவே பிரசவ தேதிக்குக் காத்திராமல், மாதாந்தரப் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சம் வேண்டாம். எக்ஸ்ரேயில் ‘ஸ்பைனா பைஃபிடா ஒக்கல்டா’ என்று எழுதியிருந்து, முதுகில் எந்த அடையாளமும் காலில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள் வீணாகக் கலங்க வேண்டாம். கடைசி எலும்பு வளைவு மட்டும் சேராமலிருப்பது ஏராளமானவர்களுக்கு உண்டு, அதனால் எதுவும் ஆவதில்லை.

கீழ்முதுகு முடியுடன் பிறந்து சிகிச்சை எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டோம். உங்கள் அனுபவத்தை அந்தப் பாட்டிக்கும் மகளுக்கும் சேர்ப்பித்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்